வளாக வேலியோடு முடிந்துவிடுகிறதா நூலக உரிமை?

கடந்த ஆண்டு ஓர் ஆய்வு மாணவி என்னைப் பார்க்க வந்திருந்தார். அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றில் சமூகவியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்பவர். பெற்றோர் விவசாயக் கூலிகள். குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவர்தான். நான்காம் ஆண்டு முடிந்ததும் விடுதி அறையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். உதவித்தொகை ஐந்து மாதங்களாக வரவில்லை. நகரத்தில் வாடகைக்கு அறை எடுக்க வழியில்லை. ஊருக்குத் திரும்பி, வீட்டிலிருந்தபடியே ஆய்வேட்டை எழுதி முடித்துவிடலாம் என்று நினைத்தார். வளாகத்தில் இருந்தவரை தடையின்றித் திறந்த ஆய்விதழ்கள் ஊருக்கு வந்ததும் திறக்கவில்லை. ஒவ்வொரு கட்டுரைக்கும் முப்பது, நாற்பது டாலர் விலை கேட்டது திரை. நூலகத்தில் விசாரித்தபோது, "இங்கே வந்து பார்த்துக்கொள்ளுங்கள் அம்மா" என்று சொல்லிவிட்டார்கள். போய்வர ஒரு பகல் முழுவதும் ஆகும். பேருந்துக்கும் சாப்பாட்டுக்கும் வீட்டில் ஒருவரின் ஒரு நாள் கூலி போய்விடும்.

விடுதி உத்தரவை எதிர்த்து வழக்குத் தொடுக்க முடியுமா என்று கேட்கத்தான் அவர் வந்தார். பேச்சு முடிந்து எழுந்திருக்கும் நேரத்தில், போகிற போக்கில்தான் இதழ்கள் திறக்காததைப் பற்றிச் சொன்னார். குறையாகக்கூட அதைச் சொல்லவில்லை; மழை பெய்யவில்லை என்று சொல்வதைப் போலச் சொன்னார். உரிமை மறுக்கப்படுவது இயற்கை நிகழ்வைப் போலத் தோன்றத் தொடங்கும் இடத்தில்தான் நாம் கேள்வி கேட்கத் தொடங்க வேண்டும்.

6,000 கோடி ரூபாய்க்கு வாங்கியது என்ன?

2024 நவம்பர் 25 அன்று ஒன்றிய அமைச்சரவை 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. 2025, 2026, 2027 ஆகிய மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. எல்சவியர், ஸ்பிரிங்கர் நேச்சர், வைலி, டெய்லர் அண்ட் பிரான்சிஸ், சேஜ் உள்ளிட்ட 30 பன்னாட்டுப் பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 மின்னிதழ்களை, ஒன்றிய, மாநில அரசுகளின் 6,300-க்கும் மேற்பட்ட உயர்கல்வி, ஆய்வு நிறுவனங்களுக்குத் திறந்துவிடுவதே திட்டம். 1.8 கோடி மாணவர்களும் ஆசிரியர்களும் ஆய்வாளர்களும் பயன்பெறுவார்கள் என்று அரசு அறிவித்தது. 2025 சனவரி 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது.

கணக்கைப் போட்டுப் பார்த்தால், ஆண்டுக்கு 2,000 கோடி ரூபாய். தலைக்கு ஏறக்குறைய 1,100 ரூபாய். நம் மாணவியின் பெயரிலும் அந்த 1,100 ரூபாய் ஆண்டுதோறும் பதிப்பகங்களுக்குச் செலுத்தப்படுகிறது. பணம் மக்களுடையது. அதைக் கொண்டு வாங்கிய இதழ் அவருடைய கைப்பேசியில் திறப்பதில்லை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இத்திட்டத்துக்கு வெளியே நிற்பவர்கள் உள்ளே இருப்பவர்களைவிட அதிகம். அகில இந்திய உயர்கல்வி ஆய்வறிக்கையின்படி 2021-22-இல் நாட்டின் உயர்கல்வி மாணவர் எண்ணிக்கை 4.33 கோடி. அவர்களில் பட்டியல் சாதியினர் 66 இலட்சத்துக்கும் மேல். உதவித்தொகையை நம்பித் தனியார் சுயநிதிக் கல்லூரிகளில் சேரும் நம் பிள்ளைகள் பெரும்பாலும் இந்த 1.8 கோடிக் கணக்கில் வருவதே இல்லை. அது தனியாகப் பேச வேண்டிய அநீதி. உள்ளே சேர்க்கப்பட்டதாகச் சொல்லப்படுகிறவர்களுக்கு உண்மையில் என்ன கிடைக்கிறது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

கதவு எப்படித் திறக்கிறது?

மின்னிதழ்களைத் திறந்துவிடும் முறை எளியது. பல்கலைக்கழக வளாகத்தின் இணைய இணைப்புக்கென்று ஐ.பி. முகவரி எண்கள் உண்டு. அந்த எண்களைப் பதிப்பகத்திடம் கொடுத்துவிடுவார்கள். அந்த எண்ணிலிருந்து யார் கேட்டாலும் இதழ் திறக்கும். வேறு எண்ணிலிருந்து பேராசிரியரே கேட்டாலும் திறக்காது. அதாவது, இம்முறை படிப்பவர் யார் என்று பார்ப்பதில்லை. எந்த இடத்திலிருந்து கேட்கிறார் என்று மட்டும் பார்க்கிறது. மாணவர் என்ற தகுதியோடு ஒட்டியிருக்க வேண்டிய உரிமை, வளாகச் சுற்றுச்சுவரோடு ஒட்டிக்கொண்டுவிட்டது.

இதற்கு மாற்று இல்லையா என்றால், இருக்கிறது. பல காலமாகவே இருக்கிறது. பல்கலைக்கழகம் ஒரு ப்ராக்ஸி சேவையகத்தையோ வி.பி.என். இணைப்பையோ அமைத்துவிட்டால், மாணவர் எங்கிருந்து நுழைந்தாலும் வளாகத்திலிருந்து நுழைவதாகவே பதிப்பகத்துக்குத் தெரியும். இதைவிடச் செம்மையான வழி கூட்டமைப்பு முறை. மாணவர் தம் பல்கலைக்கழகம் தந்த பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் கொண்டு நுழைவார். 'இவர் எங்கள் மாணவர்தாம்' என்று பல்கலைக்கழகத்தின் கணினி பதிப்பகத்தின் கணினிக்குச் சான்று சொல்லும். பல்கலைக்கழக மானியக் குழுவின் கீழ் காந்திநகரில் இயங்கும் இன்ஃப்லிப்நெட் மையம், 'இன்ஃபெட்' என்ற பெயரில் இதற்கான தேசியக் கூட்டமைப்பையே நடத்துகிறது. 'ஒரே நாடு ஒரே சந்தா' இதழ்களை வளாகத்துக்கு வெளியிலிருந்து படிக்கும் வழியும் அதுவே. கல்லூரிகளுக்காக 2010-இல் தொடங்கப்பட்ட 'என்-லிஸ்ட்' திட்டம் தொடக்கம் முதலே தனிநபர் கடவுச்சொல் முறையில்தான் இயங்கிவருகிறது.

ஆகவே தொழில்நுட்பம் இல்லை என்று எவரும் சொல்ல முடியாது. பதிப்பகம் அனுமதிக்கவில்லை என்பதும் பெரும்பாலும் உண்மையன்று. பல்கலைக்கழகங்களோடு பதிப்பகங்கள் செய்துகொள்ளும் வழக்கமான உரிம ஒப்பந்தங்கள், அங்கீகரிக்கப்பட்ட பயனர் எவரும் எங்கிருந்தும் பாதுகாப்பான கடவுச்சொல் வழியாக நுழையலாம் என்றே சொல்கின்றன. பூட்டு தொங்குவது வேறிடத்தில். நிறுவனம் கூட்டமைப்பில் சேர வேண்டும். மாணவர் பட்டியலை ஏற்ற வேண்டும். ஒவ்வொருவருக்கும் கணக்கு உருவாக்க வேண்டும். சேர்ந்தவர், முடித்தவர் என்று பட்டியலைப் புதுப்பிக்க வேண்டும். இதற்கு ஓர் அலுவலரும் ஒரு சுற்றறிக்கையும் கொஞ்சம் அக்கறையும் போதும். நூலகர் பணியிடங்கள் நிரப்பப்படாமல் கிடக்கும் நிறுவனங்களில் இதைச் செய்ய ஆளில்லை. ஆள் இருக்கும் நிறுவனங்களிலும் இதைக் கேட்க ஆளில்லை.

வெளியே இருப்பவர்கள் யார்?

"வளாகத்துக்கு வெளியே போனால் எல்லோருக்கும்தானே திறக்காது? இதில் சாதி எங்கே வந்தது?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. அதற்கு விடை, வளாகத்துக்கு வெளியே இருந்து படிக்க வேண்டிய நிலையில் இருப்பவர்கள் யார் என்று எண்ணிப் பார்ப்பதில் இருக்கிறது.

வேலை பார்த்துக்கொண்டே பகுதிநேர ஆய்வு செய்பவர். உதவித்தொகை தாமதமானதால் விடுதிக் கட்டணம் கட்ட முடியாமல் ஊர் திரும்பியவர். அறுவடைக் காலத்தில் வீட்டுக்குப் போய் உழைத்துவிட்டு வருபவர். பிள்ளைப்பேறுக்காகத் தாய் வீடு சென்ற ஆய்வாளர். மாலை ஆறு மணிக்கு விடுதிக்குள் அடைக்கப்படும் பெண்கள். அந்த விடுதி நூலகத்தின் இணைய வலையமைப்பில் சேர்க்கப்படாமல் இருந்தால், வளாகத்துக்குள் இருந்தும் அவர்கள் வெளியேதான். சக்கர நாற்காலி ஏற முடியாத நூலகக் கட்டடத்துக்கு முன் நிற்பவர். கள ஆய்வுக்காகச் சேரிகளிலும் மலைக் கிராமங்களிலும் மாதக் கணக்கில் தங்கியிருப்பவர். தொலைநிலைக் கல்வி மாணவர். அவருக்கு 'வளாகம்' என்பதே கிடையாது. 2002-இல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டதே வளாகத்துக்கு வர இயலாதவர்களுக்காகத்தான்.

மற்றொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும். நகரத்தில் சொந்த வீடுள்ள ஆய்வாளர் தேவைப்படும்போது வளாகத்துக்கு வந்துபோவார். அதுவும் முடியாதபோது, வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் சித்தப்பா மகனுக்கு ஒரு செய்தி அனுப்பினால் கட்டுரை பத்து நிமிடத்தில் வந்து சேரும். தலைமுறை தலைமுறையாகப் படித்த குடும்பங்களுக்கு நூலகத்துக்கு வெளியேயும் ஒரு நூலகம் இருக்கிறது. அதன் பெயர் உறவு. முதல் தலைமுறைத் தலித் ஆய்வாளருக்குப் பல்கலைக்கழக நூலகத்தைத் தவிர வேறு நூலகம் இல்லை. ஒரே விதி இருவருக்கும் பொருந்துகிறது. ஆனால் அது ஒருவருக்குச் சிறு தொந்தரவு, மற்றவருக்கு ஆய்வின் முடிவு.

பெருந்தொற்றுக் காலம் இதை வெட்டவெளிச்சமாக்கியது. 2020 மார்ச்சில் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டு, விடுதிகள் காலி செய்யப்பட்டன. தேசிய மாதிரி ஆய்வின் 75-ஆவது சுற்று, 2017-18-இல் நாட்டுப்புறக் குடும்பங்களில் 14.9 விழுக்காட்டினருக்கு மட்டுமே இணைய வசதி இருந்ததாகவும், 4.4 விழுக்காட்டினரிடம் மட்டுமே கணினி இருந்ததாகவும் பதிவு செய்திருந்தது. அதன்பின் கைப்பேசி பரவலாகிவிட்டது. இன்று நம் பிள்ளைகளின் படிப்பறை, அந்தச் சிறு திரைதான். அதில் திறக்காத நூலகம் அவர்களைப் பொறுத்தவரை இல்லாத நூலகமே.

வெளியேற்றமே தண்டனையாகும்போது

ஐதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் ரோகித் வெமுலா உள்ளிட்ட ஐந்து தலித் ஆய்வு மாணவர்கள் விடுதியிலிருந்து நீக்கப்பட்டதை நாம் மறக்கவில்லை. 2016 சனவரியில் அவர்கள் வளாகத்தின் திறந்தவெளியில் கூடாரம் அமைத்துத் தங்கினார்கள். அதற்கு 'வெளிவாடா' என்று பெயரிட்டார்கள். ஊருக்கு வெளியே ஒதுக்கப்பட்ட தலித் குடியிருப்பைத் தெலுங்கில் குறிக்கும் சொல் அது. பல்கலைக்கழகத்துக்குள்ளும் ஓர் ஊரும் ஒரு சேரியும் உருவாகிவிட்டன என்பதை அந்த ஒற்றைச் சொல்லால் அவர்கள் நாட்டுக்குச் சொன்னார்கள். சனவரி 17 அன்று ரோகித்தை இழந்தோம்.

விடுதி நீக்கம், இடைநீக்கம், உதவித்தொகை நிறுத்தம் ஆகியவை தலித் மாணவர்கள் மீது எவ்வளவு எளிதாகப் பிரயோகிக்கப்படுகின்றன என்பதை நீதிமன்ற வளாகங்களில் அன்றாடம் பார்க்கிறோம். ஒழுங்கு நடவடிக்கைக்கு எதிரான வழக்கில் இடைக்காலத் தடை வாங்க எத்தனையோ வாரங்கள் ஆகலாம். அந்த வாரங்களில் ஆய்வு என்ன ஆகும்? நூலக உரிமை இடத்தோடு கட்டப்பட்டிருக்கும்போது, விடுதியிலிருந்து நீக்குவது நூலகத்திலிருந்தும் நீக்குவதாகிவிடுகிறது. அப்படியொரு தண்டனையை எந்த உத்தரவும் எழுத்தில் விதிப்பதில்லை. எழுதாமலேயே அது நிறைவேறுகிறது. எழுதாத உத்தரவை எதிர்த்து மேல்முறையீடு செய்யவும் முடியாது.

சட்டம் என்ன சொல்கிறது?

ஒரு வழக்கறிஞராக முதலில் எது முடியாது என்பதைச் சொல்லிவிடுகிறேன். ப்ராக்ஸி சேவையகம் அமைக்காத துணைவேந்தர் மீது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வழக்குத் தொடுக்க முடியாது, தொடுக்கவும் கூடாது. அச்சட்டம் கூர்மையான ஆயுதம். அதைப் பொருந்தாத இடத்தில் வீசினால் பொருந்தும் இடத்திலும் மழுங்கிப்போகும். நமக்குள்ள வழி வேறு.

அரசமைப்புச் சட்டத்தின் 15(2) பிரிவு, சாதி முதலியவற்றின் பேரால் எந்தக் குடிமகனும் அரசு நிதியால் முழுமையாகவோ பகுதியாகவோ பராமரிக்கப்படும் கிணறுகள், குளங்கள், சாலைகள், பொதுமக்கள் கூடும் இடங்கள் ஆகியவற்றைப் பயன்படுத்துவதிலிருந்து தடுக்கப்படக் கூடாது என்கிறது. பொதுப் பணத்தில் உருவான வளம் அனைவருக்கும் திறந்திருக்க வேண்டும் என்பதே அதன் உயிர்நாடி. மின்னிதழ்த் தொகுப்பை நேரடியாக அப்பிரிவின் சொற்களுக்குள் கொண்டுவருவது கடினமாக இருக்கலாம். ஆனால், 14-ஆம் பிரிவின் சமத்துவத்தையும் 21-ஆம் பிரிவின் வாழ்வுரிமையையும், பட்டியல் சாதியினர், பழங்குடியினரின் கல்வி நலனைத் தனி அக்கறையோடு வளர்க்க வேண்டும் என்ற 46-ஆம் பிரிவையும் சேர்த்துப் படிக்கும்போது வாதத்துக்கு வலு வருகிறது.

அந்த வாதத்தின் அடித்தளம் மறைமுகப் பாகுபாடு என்னும் கோட்பாடு. 2021 மார்ச் 25 அன்று லெப்டினன்ட் கர்னல் நிதிஷா வழக்கில், பெண் இராணுவ அதிகாரிகளுக்கு நிரந்தரப் பணி வழங்குவது குறித்த தீர்ப்பில், உச்ச நீதிமன்றம் இக்கோட்பாட்டை ஏற்றுக்கொண்டது. விதி பார்வைக்கு நடுநிலையாக இருக்கலாம். உள்நோக்கம் இல்லாமலும் இருக்கலாம். ஆனாலும் ஏற்கெனவே ஒடுக்கப்பட்ட பிரிவின் மீது அதன் சுமை கூடுதலாக விழுந்தால் அது பாகுபாடே. "வளாகத்துக்கு வந்து படியுங்கள்" என்பது பார்வைக்கு நடுநிலையான விதிக்கு நல்ல எடுத்துக்காட்டு.

இணையத்துக்கும் கல்விக்கும் உள்ள உறவைக் கேரள உயர் நீதிமன்றம் 2019 செப்டம்பர் 19 அன்று ஃபஹீமா ஷிரின் வழக்கில் தெளிவாக்கியது. மாலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை கைப்பேசி கூடாது என்ற விடுதி விதியை ஏற்க மறுத்ததற்காக வெளியேற்றப்பட்ட கல்லூரி மாணவி தொடுத்த வழக்கு அது. இணையத்தை அணுகும் உரிமை, 21-ஆம் பிரிவின் கீழ் வரும் கல்வி உரிமையின், தனியுரிமையின் பகுதி என்று நீதிமன்றம் கூறி, அவரை மீண்டும் விடுதியில் சேர்த்துக்கொள்ள உத்தரவிட்டது. இணையத்தை அணுகுவது கல்வி உரிமையின் பகுதி என்றால், அரசே விலைகொடுத்து வாங்கிய இதழை அணுகுவது அதைவிட நெருக்கமான உரிமை.

"கணினி தானாகவே மூடிவிட்டது, நாங்கள் என்ன செய்வது?" என்ற பதிலையும் நீதிமன்றம் கேட்டிருக்கிறது. உத்தரப் பிரதேசத்தின் தினக்கூலித் தொழிலாளியின் மகனான தலித் மாணவர் அதுல் குமார், தன்பாத் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் கிடைத்த இடத்துக்கான 17,500 ரூபாயைக் குறித்த நேரத்துக்குள் இணையத்தில் செலுத்த முடியாமல் இடத்தை இழந்தார். 2024 செப்டம்பர் 30 அன்று உச்ச நீதிமன்றம் அவரைச் சேர்த்துக்கொள்ள உத்தரவிட்டது. அது 142-ஆம் பிரிவின் தனி அதிகாரத்தைப் பயன்படுத்திய தீர்ப்பு. ஒவ்வொரு மாணவரும் அப்படி தில்லி வரை போக முடியாது. கதவை ஒவ்வொரு தலைக்கும் தனித்தனியாகத் தட்டித் திறக்க வைப்பது நீதியும் ஆகாது. நமக்கு வேண்டியது விதி.

மூடப்பட்ட கொல்லைப்புறக் கதவு

இவ்வளவு காலம் இந்தப் பிரச்சினை பெரிதாக வெடிக்காததற்கு ஒரு காரணம் உண்டு. 'சை-ஹப்' போன்ற தளங்களில் மாணவர்கள் கட்டுரைகளை எடுத்துக்கொண்டிருந்தார்கள். எல்சவியர் முதலிய பதிப்பகங்கள் 2020 டிசம்பரில் தில்லி உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தன. 2025 ஆகஸ்டில் அத்தளத்தை இந்தியாவில் முடக்க உத்தரவு வந்தது. அந்தத் தளத்தின் சட்டத் தகுதி பற்றி இருவேறு கருத்து இருக்கலாம். நடைமுறை விளைவில் இருவேறு கருத்து இல்லை: கொல்லைப்புறக் கதவு அடைக்கப்பட்டுவிட்டது. அப்படியானால் தலைவாசலைத் திறந்துவைக்கும் கடமை அரசுக்கு இரட்டிப்பாகிறது.

அறிவுக்கும் உரிமையாளருக்கும் இடையிலான வழக்கில் மாணவர்கள் எப்போதும் தோற்றதில்லை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். தில்லிப் பல்கலைக்கழக வளாகத்தின் ஒளிநகல் கடை ஒன்றின் மீது மூன்று பன்னாட்டுப் பதிப்பகங்கள் தொடுத்த வழக்கில், 2016 செப்டம்பர் 16 அன்று தில்லி உயர் நீதிமன்றம் மாணவர்கள் பக்கம் நின்றது. கற்பித்தலுக்காக நகலெடுப்பது பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தரும் விலக்குக்குள் வரும் என்றது. அதே ஆண்டு டிசம்பரில் இரு நீதிபதிகள் அமர்வும் கற்பித்தலுக்குத் தேவையான அளவு நகலெடுப்பதை ஏற்றுக்கொண்டது. அந்த வழக்கில் மாணவர் அமைப்பும் ஆசிரியர்களும் தாங்களாகவே முன்வந்து தங்களை இணைத்துக்கொண்டார்கள். அவர்கள் வாய்மூடி இருந்திருந்தால், கடைக்காரருக்கும் பதிப்பகத்துக்கும் இடையிலான வணிகத் தகராறாகவே அது முடிந்திருக்கும்.

ஓர் எச்சரிக்கை

தனிநபர் கடவுச்சொல் கேட்கும்போது ஓர் ஆபத்தையும் சேர்த்தே பேச வேண்டும். இடத்தின் அடிப்படையில் திறக்கும் முறையில், யார் எந்தக் கட்டுரையைப் படித்தார் என்பது பெயரோடு பதிவாவதில்லை. தனிக் கணக்கு வந்தால் அது பதிவாகும். சாதி வன்முறை பற்றியும் அரச ஒடுக்குமுறை பற்றியும் ஆய்வு செய்யும் நம் மாணவர்களின் வாசிப்புப் பட்டியல் நிர்வாகத்தின் கையில் இருப்பது நல்லதன்று. கூட்டமைப்பு முறையில் இதற்கும் தீர்வு உண்டு. மாணவரின் பெயரைச் சொல்லாமலே, 'எங்கள் நிறுவனத்தைச் சேர்ந்தவர்' என்ற சான்றை மட்டும் பதிப்பகத்துக்கு அனுப்பலாம். நிறுவனத்திடம் இருக்கும் பதிவேடுகளைக் குறுகிய காலத்தில் அழித்துவிட வேண்டும் என்று விதி செய்யலாம். தனியுரிமை அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அமர்வு சொன்னது நூலகத்துக்கும் பொருந்தும்.

கேட்க வேண்டியவை

முதலாவதாக, சந்தாத் திட்டத்தில் உள்ள ஒவ்வொரு நிறுவனமும் வெளியிலிருந்து நுழையும் வசதியை நடைமுறைப்படுத்த வேண்டும். முழுநேரம், பகுதிநேரம், தொலைநிலை என்ற வேறுபாடின்றி, சேர்க்கை நாளன்றே அடையாள அட்டையோடு பயனர் கணக்கும் தரப்பட வேண்டும்.

இரண்டாவதாக, விடுதி நீக்கம், கட்டண நிலுவை, விசாரணைக் கால இடைநீக்கம் ஆகிய எவற்றாலும் அந்தக் கணக்கு முடக்கப்படக் கூடாது. ஆய்வேட்டைச் சமர்ப்பித்தபின் வாய்மொழித் தேர்வு முடியும் வரையிலும், அதன்பின் குறைந்தது ஓராண்டுக்கும் அது நீடிக்க வேண்டும். ஆய்வேட்டைக் கட்டுரைகளாக்கி வேலை தேடும் அந்த ஆண்டில்தான் நம்மவர்கள் பலர் காணாமல் போகிறார்கள்.

மூன்றாவதாக, பயன்படுத்தும் முறை தமிழிலும் விளக்கப்பட வேண்டும். கைப்பேசியில் இயங்க வேண்டும். கடவுச்சொல் மறந்தால் நேரில் வா என்று சொல்லும் வசதி, வசதியே இல்லை.

நான்காவதாக, பொது நூலகங்கள். சுதந்திர இந்தியாவில் முதலில் பொது நூலகச் சட்டம் இயற்றிய மாநிலம் நம்முடையது, ஆண்டு 1948. சொத்து வரியோடு நூலக வரியும் கட்டுகிறோம். மாவட்ட மைய நூலகங்களிலும் அண்ணா நூற்றாண்டு நூலகம், மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகம் போன்றவற்றிலும் இவ்விதழ்கள் திறக்குமானால், கல்லூரியை விட்டு வெளியேறியவர்களுக்கும் சுயநிதிக் கல்லூரி மாணவர்களுக்கும் ஒரு வழி கிடைக்கும். இப்போதைய ஒதுக்கீடு 2027-ஆம் ஆண்டோடு முடிகிறது. அடுத்த ஒப்பந்தம் பேசப்படும்போது இவை நிபந்தனைகளாக எழுதப்பட வேண்டும். பேசி முடித்தபின் கேட்டால், மீண்டும் மூன்றாண்டு காத்திருக்கச் சொல்வார்கள்.

உடனடியாக மாணவர் அமைப்புகள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 6(1) பிரிவின் கீழ் பத்து ரூபாய்க் கட்டணத்தோடு ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் நான்கு கேள்விகள் அனுப்புங்கள். வளாகத்துக்கு வெளியிலிருந்து மின்வளங்களை அணுகும் வசதி உள்ளதா? எத்தனை மாணவர்களுக்குக் கணக்கு வழங்கப்பட்டுள்ளது. அவர்களில் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் எத்தனை பேர்? விடுதி நீக்கம் அல்லது இடைநீக்கத்தின்போது கணக்கு முடக்கப்படுமா, எந்த விதியின்படி? இதற்குப் பொறுப்பான அலுவலர் யார்? முப்பது நாளில் பதில் வர வேண்டும். பதில் வந்தால் அதுவே வழக்கின் முதல் ஆவணம். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2012-ஆம் ஆண்டுச் சமத்துவ மேம்பாட்டு விதிமுறைகளின்படி அமைக்கப்பட்டிருக்க வேண்டிய சமவாய்ப்புப் பிரிவுக்கும் அதன் நகலோடு மனு கொடுங்கள். அப்பிரிவு உங்கள் வளாகத்தில் எங்கே இருக்கிறது என்று தேடிப்பார்ப்பதும் ஒரு கள ஆய்வுதான்.

1923 ஆகஸ்டில், எஸ்.கே. போலே கொண்டுவந்த தீர்மானத்தைப் பம்பாய்ச் சட்டமன்றம் நிறைவேற்றியது. பொதுப் பணத்தில் அமைந்த நீர்நிலைகளைத் தீண்டப்படாதோரும் பயன்படுத்தலாம் என்றது அது. மகாத் நகராட்சியும் தன் குளத்தைத் திறந்துவிட்டதாகத் தீர்மானம் போட்டது. தாளில் குளம் திறந்திருந்தது. 1927 மார்ச் 20 அன்று பாபாசாகேப் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோரை அழைத்துச் சென்று நீரை அள்ளிப் பருகும் வரை, அங்கே ஒரு தலித்தின் கை நனையவில்லை. அதன்பிறகும் வழக்கு நடந்தது. பம்பாய் உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பு வர 1937 ஆயிற்று. தீர்மானத்திலிருந்து தண்ணீர் வரை பதினான்கு ஆண்டுகள்.

விடுதி உத்தரவுக்கு எதிரான மனுவில், அந்த மாணவிக்காக ஒரு பத்தியைக் கூடுதலாகச் சேர்த்தோம்: வழக்கு முடியும் வரை, அவர் எங்கிருந்தாலும் நூலகத்தின் மின்வளங்களைப் பயன்படுத்த வகை செய்ய வேண்டும் என்று. "இதையெல்லாம் கேட்கலாமா சார்?" என்று அவர் தயங்கினார். கேட்கலாம், அம்மா. அதற்கான பணத்தை ஏற்கெனவே நாம் கட்டிவிட்டோம்.